சித்தியின் ரத்த ரிப்போர்ட்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிஸ்பென்சர் ஐயா, சித்தியின் ரத்த ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்து, ஒரே ஓர் எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தின் அளவு அது, சி.ஆர்.பி. என்பார்கள். சித்திக்கு அது கூடியிருக்கவில்லை. "பாரு, நார்மல். ஒனக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்ல. நடிக்காம கொழுந்து பறிக்க மலைக்குப் போ" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். பள்ளிச் சீருடையில் நானும் பக்கத்தில் நின்றேன். சித்தி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். காலையில் ரொட்டிக்கு மாப் பிசைய முடியாத கைகள்.

அன்று முதல், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவளுக்கு 'நடிப்புக்காரி' என்று பெயர். வலிக்கிறது என்று சொல்வதையே விட்டுவிட்டு, வருடக்கணக்கில் கொழுந்து பறித்தாள். விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்துபோயின. அந்த மனிதரை நான் வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

சென்ற வருடம் எனக்கு நிமோனியா வந்தது. எக்ஸ்ரேயில் நோய் தெளிவாகத் தெரிந்தும் சி.ஆர்.பி. பெரிதாக ஏறவில்லை. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று வார்டு டாக்டரம்மா சிங்களத்தில் கேட்டார். சித்தியைப் பற்றிச் சொன்னேன், அழைத்துவரச் சொன்னார். பார்த்தவுடனே மூட்டுவாதம் என்றார். மரபணுவில் உள்ள சிறு வேறுபாட்டால் சிலருக்கு இந்த அளவு பிறவியிலேயே தாழ்ந்திருக்கும், நோய் வந்தாலும் மற்றவர்களுக்குப்போல ஏறாது, உங்கள் குடும்பத்திலும் அப்படி இருக்கலாம் என்று விளக்கினார். வலிக்கு மருந்து உண்டு, விரல்களை இனி நிமிர்த்த முடியாது என்றும் சொன்னார். நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்ததும் சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப நான் நடிக்கலதானே?"

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில், ஓய்வுபெற்று புளத்கொகுபிட்டியவில் இருந்த டிஸ்பென்சர் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். சமாதானம் பேசப் போகவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டீவியின் சத்தத்தைக்கூட அவர் குறைக்கவில்லை.

"மரபணுவாம். அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியும் புள்ள?"

"அது தெரிஞ்சிருக்க வேணாங்க ஐயா. கை வீங்கியிருந்திச்சே. மேசைக்கு அந்தப் பக்கம்தானே நின்னாங்க. ஒரு தடவ தொட்டுப் பாத்தீங்களா?"

டீவியை அணைத்தார். பிறகு, "சரி, கூட்டிட்டு வா. இப்ப பாக்குறேன்" என்றார்.

"வேணாங்க" என்று எழுந்தேன். "இனிமே ஒங்க முன்னால சித்தி கைய நீட்ட மாட்டாங்க."