பாகற்பந்தலில் கட்டிய பச்சை வயர்

ரெம்பியாவில் எங்கள் வீட்டு டிவிக்கு, இடி மின்னலைத் தடுக்கும் என்று கடைக்காரர் சொன்ன பிளக்கை மாட்டியிருந்தோம். அதில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் மாலை இடித்த இடியில் டிவி கருகிப்போனது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பார்க்க வந்த வயர்மேன், “எர்த் வயர் எங்கக்கா?” என்றார்.

பின்னால் போய்ப் பார்த்தோம். மண்ணில் அடித்த செம்புக் கம்பியில் சேர வேண்டிய பச்சை வயர், பாகற்பந்தலில் கட்டுக்கயிறாகியிருந்தது.

“சும்மாதானே தொங்குச்சு லா,” என்றார் என் கணவர்.

“அது இல்லாம அந்த பிளக் மின்னல எங்கண்ணே இறக்கும்?”

சில நாள் முன்பு ஈரக்கையோடு பிரிட்ஜைத் திறந்த மகள், “சுர்ருங்குதும்மா” என்று சொன்னதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வயரைக் கம்பியில் சேர்த்தாயிற்று. இப்போதெல்லாம் வானம் கறுத்தாலே பிளக்கையும் ஆன்டெனா வயரையும் கழற்றிவிடுகிறேன். பாகற்கொடிக்குச் சணல் கயிறு போதும்.