அக்காள் திருத்தச் சொன்ன பாடம்

அக்காள் எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை வந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அக்காள் ஆழ்வார்குறிச்சியில் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே காலமானதால் நான் கொத்தனாருக்குக் கையாளாகப் போனேன். அக்காள் லீவு நாளில் நாற்று நட்டுக்கொண்டே படித்து, பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர் ஆனார்கள். வடிவியலில் காரணம் எழுதாத வரிக்கு அவர்களிடம் மார்க் கிடையாது.

செங்கோண முக்கோணத் தேற்றத்தை நிரூபித்த பிறகு, "எந்தம்பி கொத்தனாரு. கயித்துல மூணடி, நாலடி, அஞ்சடி பிடிச்சு வீட்டு மூலையைச் செங்கோணமா எடுக்கான். இந்தத் தேற்றந்தான் அது" என்று வகுப்பில் சொல்வார்களாம்.

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் காலை போய்ப் பார்த்தேன். முகம் சரியில்லை. வலிக்கிறதா என்றேன்.

"வலி கிடக்கட்டும். ஏலே, பிள்ளைகளுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். மூலை செங்கோணமா இருந்து, ரெண்டு பக்கம் மூணு, நாலுன்னா மூணாவது அஞ்சு வரும். அதைத்தான் நிரூபிச்சேன். நீ அளவை வச்சுல்லா மூலை எடுக்க? அது மறுதலை. அதுக்குத் தனியா நிரூபணம் வேணும்."

"அப்பம் நான் கட்டுன வீடெல்லாம்?"

"வீடு நிக்கும்லே. எம் பாடந்தான் நிக்கல. உனக்கு அந்த அளவை யாரு சொன்னா?"

"மேஸ்திரி."

"நிரூபிக்காம ஏத்துக்கிடுதது எடுகோள். அது கொஞ்சந்தான் இருக்கணும். நீ மேஸ்திரி சொன்னதையெல்லாம் அப்படி ஏத்துக்கிட்ட. டீச்சர் அப்படிச் செய்யலாமா?"

நர்ஸ் அம்மா தந்த மருந்துப் பெட்டி அட்டையில் அக்காள் எழுதினார்கள்:

வேறொரு முக்கோணம் வரைக. இரு பக்கங்கள் மூன்றும் நான்கும், இடையே செங்கோணம். தேற்றப்படி மூன்றாம் பக்கம் ஐந்து. கயிற்று முக்கோணத்துக்கும் அதே மூன்று பக்கங்கள். ஆகவே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். ஆகவே கயிற்று மூலையும் செங்கோணம்.

"பிள்ளைகள்ட்ட சொல்லிருலே."

"எனக்குப் பேச வராதேக்கா."

"பேசாண்டாம். சொல்லு."

அடக்கத்தன்று அவர்களிடம் படித்தவர்கள் தெரு நிறைய நின்றார்கள். அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. மூன்று முறை எழுந்தேன், வாய் வரவில்லை. ஓராண்டாக அதே நினைப்பாக இருக்கிறேன்.

நர்ஸ் அம்மாவுக்கும், அக்காளைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. அக்காளிடம் படித்தவர்கள் தயவுசெய்து அந்தத் தேற்றத்துக்குக் கீழே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் பிழை என்னுடையது. அட்டையில் அக்காள் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதியிருக்கிறார்கள்.