பொன்னுருக்குக்குப் போன கிண்ணம்

சும்மா இருப்பது எனக்கு வராது. சனிக்கிழமை விடிந்தால் காலில் சக்கரம் முளைத்துவிடும். மல்வேர்னில் எங்கள் தெரு முழுக்கப் போர்வைக்குள் கிடக்கும்போது நான் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்பேன். இந்த நகரத்தின் ஏதோ ஒரு மூலையில், எனக்கு முன்பின் தெரியாத ஒரு முதியவர் கண்ணை மூடியிருப்பார். அவருடைய பிள்ளைகள் வீட்டைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் சாமான்களை விற்பார்கள். எஸ்டேட் சேல் என்று அதற்குப் பெயர். என் கணவர் வைத்த பெயர் வேறு.

"இண்டைக்கு எங்க செத்தவீடு?" என்று கட்டிலில் கிடந்தபடியே கேட்பார். நான் இடத்தைச் சொல்வேன். "அழுதுபோட்டு வெள்ளன வாரும்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பார்.

நான் அழப் போவதில்லை, கண்ணாடி தேடிப் போகிறேன். எந்தக் கண்ணாடியும் அல்ல. அமெரிக்கன் பிரில்லியன்ட் கட் கிளாஸ். நூறு வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் ஈயம் கலந்து தடிப்பாக ஊதிய கண்ணாடியைச் சுழலும் கல்லில் பிடித்துப் பிடித்து நட்சத்திரமும் விசிறியும் சக்கரமுமாக வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் கலியாணப் பரிசு என்றால் இதுதானாம். இப்போது நல்லதாக ஒன்று அகப்படுவதே அபூர்வம். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு மார்கழி மாதத்துப் பின்னேரம். பழைய சாமான் கடை ஒன்றில் குளிருக்கு ஒதுங்கியிருந்தேன். அலுமாரித் தட்டில் கிடந்த ஒரு சின்னக் கோப்பை, கூரையில் எரிந்த டியூப் லைற்றைப் பிடித்துச் சுவர் முழுக்கச் சிதறடித்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்கே இருட்டுகிற நாட்டில் இப்படி ஒரு சாமான் இருக்கிறதே என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதன்பிறகு நான் வீட்டில் தங்கவில்லை.

இதில் போலி நிறைய உண்டு. அச்சில் வார்த்து, வெட்டியது போலக் காட்டுவார்கள். விரலால் தடவினால் அச்சுக் கண்ணாடியின் விளிம்பு வழுவழுவென்று இருக்கும். வெட்டிய கண்ணாடி கையைப் பதம் பார்க்கும். விளிம்பில் நகத்தால் சுண்டினால் நல்லது மணி போல ஒலித்து, ஒலித்து, மெல்ல அடங்கும். போலி 'டொக்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். என் மகள் எழுத்துக் கூட்டப் பழகுவதற்கு முன்பே சுண்டப் பழகிவிட்டாள். கடைகளில் என் இடுப்பளவு உயரத்தில் நின்றுகொண்டு, "அம்மா, இது டொக்" என்பாள். கடைக்காரர்களுக்கு அவளைக் கண்டால் பிடிக்காது.

கிண்ணம் கிடைத்தது அந்தக் காலத்தில்தான். பார்க்டேல் பக்கம் ஒரு பழைய வீடு. சமையலறை அலுமாரியின் ஆக மேல்தட்டில், பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கினால்தான் வரும், அத்தனை பாரம். விளிம்பு மரம் அறுக்கும் வாளின் பல் போல, ஒரு பல்லும் உடையாமல். அந்த வெட்டு வேலைப்பாட்டை அதற்கு முன் சேகரிப்பாளர்களின் புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்திருந்தேன், அதன்பிறகும் வேறெங்கும் காணவில்லை. போர்வையில் சுற்றி முன் சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டேன். மகள் பின்னால் இருந்தாள்.

"ஏன் அதுக்கு மட்டும் முன் சீட்?" என்று கேட்டாள்.

"நீ விழுந்தா எழும்புவாய். அது எழும்பாது" என்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி நாங்கள் மூவரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அலுமாரியின் நடுத்தட்டில், சின்ன லைற் பூட்டி, கிண்ணத்தை வைத்தேன். அதில் ஒரு கச்சான் கடலைகூட ஒருநாளும் போட்டதில்லை. நல்ல சாமானை விருந்தாளிக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, விருந்தாளி வந்தாலும் எடுக்காத ஆட்கள்தானே நாங்கள்.

மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. அவர்களே பேசி முடித்துவிட்டு எங்களுக்கு அறிவித்தார்கள் என்பதுதான் சரி. மாப்பிள்ளை நல்ல பிள்ளை. தகப்பன் இல்லை, தாயோடு டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் இருக்கிறார். தாயைத் தனியே விடமுடியாது, ஆகவே மகளும் அங்கேதான் போவாள் என்று முடிவானது.

கலியாணத்துக்கு முன்னால் பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குவார்கள். பெண் வீட்டார் பலகாரத் தட்டுகளோடு போவோம், பெண் மட்டும் போகக்கூடாது. இங்கே எல்லோரும் தட்டுக்கு டொலர் கடையில்தான் போவார்கள். பளிங்கு போல வெட்டுப்போட்ட பிளாஸ்டிக் தட்டுகள் அங்கே அடுக்காகக் கிடக்கும். அன்று காலை என் அக்கா வந்து, பயத்தம் பணியாரம், சிப்பிப் பலகாரம், சீனி அரியதரம் என்று நிரப்பி, செலோபேன் தாள் சுற்றிச் சிவப்பு ரிபன் கட்டினாள். நான் சேலைக்குப் பின் குத்திக்கொண்டு மேலும் கீழும் ஓடினேன். என்ன போகிறது, எது போகிறது என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

அப்பார்ட்மென்ற்றில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். புகை மணி அடித்துவிடும் என்று ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். தட்டுகளைப் பாயில் வரிசையாக வைத்தோம். ஐயர் ஏதோ சொல்ல, ஆசாரி சின்னக் காஸ் விளக்கைப் பற்ற வைத்தார். நீலச் சுவாலை எழும்பியது. அதே நேரம், பாயில் மூன்றாவதாக இருந்த தட்டுக்குள்ளும் நெருப்புப் பிடித்தது. செலோபேனுக்குள், அரியதரங்களுக்குக் கீழே, நூறு நீல நாக்குகள். பிளாஸ்டிக்கில் வெளிச்சம் அப்படி எரியாது.

என் கிண்ணம்.

பக்கத்தில் இருந்த கணவரை முழங்கையால் இடித்தேன். அவர் பார்த்தார். அவருக்கும் விளங்கியது.

"வாயைத் திறவாதையும்" என்றார், முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே. "சபையில வைச்சது வைச்சதுதான். திருப்பிக் கேட்டா பிள்ளையின்ர வாழ்க்கைக்கு அபசகுனம் எண்டு சொல்லுவினம்."

பொன் உருகி மணியாகத் திரண்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் ஒவ்வொரு தட்டாகத் தொட்டு வாங்கினார். என் கிண்ணத்தைத் தூக்கும்போது மட்டும் அவருடைய தோள் ஒருபக்கம் சரிந்தது. "பலகாரம் நல்ல பாரமாயிருக்கு" என்று என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அக்காதான் மாறி எடுத்துவிட்டாள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாத பிறவி அவள். கலியாணத்தன்று முழுக்க அவளை முறைத்தபடி இருந்தேன். மேடையில் கெட்டிமேளம் கொட்ட, என் மனம் டோர்செட் பார்க்கில் சம்பந்தி அம்மாவின் சமையலறையில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. எங்கள் ஆட்கள் வந்த பாத்திரத்தை வைத்துக்கொள்வதில்லை. கழுவி, வெறுமையாக அனுப்பக்கூடாது என்று ஒரு பிடி சீனியோ இரண்டு வாழைப்பழமோ போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கலியாணம் முடிந்த அடுத்த கிழமை தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தோடம்பழம். எல்லாம் டொலர் கடைத் தட்டுகள். பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினேன். கிண்ணம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் செத்தவீடு எதற்கும் போகவில்லை. ஒரு சட்டி நண்டுக்கறி வைத்துக்கொண்டு டோர்செட் பார்க்குக்குப் போனேன். சமையலறை மேசையில் இருந்தது கிண்ணம். உள்ளே வெங்காயமும் உள்ளிப்பூண்டும். சம்பந்தி அம்மா கதைத்துக்கொண்டே ஒரு வெங்காயத்தை எடுப்பார், கையிலிருக்கும் கத்தி கிண்ணத்தின் விளிம்பில் படும், நான் கதிரையின் நுனிக்கு வருவேன். மறு கிழமை புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டு போனேன். கிண்ணம் அடுப்புக்குப் பக்கத்தில். அவர் திரும்பிய நேரம் பார்த்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். அதற்கடுத்த கிழமை அது மைக்ரோவேவின் தலைமேல். சூடான பாயாசத்தை மறந்துபோய் அதற்குள் ஊற்றினால் ஒரே வெடிப்புத்தான். வீட்டில் எனக்கு நித்திரை இல்லை. சமைக்க நின்றால் கை நிற்காது, இருந்தால் கால் நிற்காது. அலுமாரியில் கிண்ணம் இருந்த இடத்தில் வெறும் லைற் எரிந்துகொண்டிருந்தது, அதை அணைக்கவும் மனம் வரவில்லை.

"நீர் மகளிட்டைப் போறதைப் பாத்து ஊரே புகழுது" என்றார் கணவர். "கிழமைக்குக் கிழமை சட்டியோட. இப்பிடி ஒரு தாய் ஆருக்குக் கிடைக்கும்?"

"உங்களுக்குப் பகிடி."

"பகிடி இல்லையப்பா. ஒண்டில் கேளும், இல்லாட்டி விடும்."

கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பழைய சாமான் கடையில் அளவிலும் வடிவிலும் ஏறக்குறைய அதே போல ஒரு அச்சுக் கண்ணாடிக் கிண்ணம் கிடந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தெரிந்துகொண்டே ஒரு போலியை வாங்கினேன். யாராவது காண்கிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதில் அரியதரம் நிரப்பினேன். சம்பந்தி அம்மாவுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. புதியதை வைத்துவிட்டு, "உந்தப் பழசை நான் கொண்டுபோறன்" என்று சாதாரணமாகச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். பெண் வீட்டுப் பாத்திரத்துக்குப் பதில் பெண் வீட்டுப் பாத்திரம். அபசகுனம் எங்கே இருக்கிறது?

போனபோது மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தி அம்மா தேத்தண்ணி போட உள்ளே போனார். இருக்கையறை மேசையில் கிண்ணம். அன்றைக்கு அதில் தோடம்பழங்களும் ஒரு சாவிக் கொத்தும். மகள் எதிரே இருந்தாள். நான் ஏதோ கதைத்தபடி தோடம்பழங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். சாவிக் கொத்தையும் எடுத்தேன். போலியைப் பக்கத்தில் தள்ளினேன்.

மகள் முன்னால் சரிந்து, போலியின் விளிம்பில் நகத்தால் சுண்டினாள்.

டொக்.

பிறகு வெறுமையாக இருந்த என் கிண்ணத்தைச் சுண்டினாள். அது ஒலித்தது, ஒலித்துக்கொண்டே இருந்தது. குசினிக்குள் இருந்து, "ஆர் பிள்ளை மணி அடிக்கிறது?" என்று சம்பந்தி அம்மாவின் குரல் வந்தது.

"ஒண்டுமில்லை மாமி" என்று மகள் குரல் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "சீரியஸா அம்மா? எனக்கே அச்சுக் கண்ணாடி கொண்டு வாறீங்களோ?" என்றாள்.

"அண்டைக்குப் பெரியம்மா மாறி வைச்சிட்டா பிள்ளை. அவவுக்கு என்ன தெரியும்" என்றேன்.

"பெரியம்மா இல்லை. நான்தான் வைச்சனான்."

விளங்காமல் பார்த்தேன்.

"நீங்கள் எல்லாரும் பொன்னுருக்குக்கு வெளிக்கிட்டுக் கொண்டிருந்தனீங்கள். நான் மட்டும் வரக்கூடாது. பெரியம்மா கட்டி வைச்ச தட்டு ஒண்டைப் பிரிச்சு, பலகாரத்தை இதுக்குள்ள கொட்டித் திருப்பிக் கட்டினன். தட்டுகள் எல்லாம் திருப்பி அனுப்பேக்க, 'மாமி, இது மட்டும் இஞ்ச இருக்கட்டும்' எண்டு நான்தான் சொன்னனான்."

"ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனீ?"

அவள் தோடம்பழம் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

"சனிக்கிழமையில நீங்கள் ஒருநாளும் வீட்டில நிண்டதில்லை. கலியாணம் கட்டிப் போனா என்னைப் பாக்க வருவீங்களோ தெரியேல்லை. உந்தக் கிண்ணத்தைப் பாக்க வருவீங்கள் எண்டு தெரியும்." ஒரு சுளையை என்னிடம் நீட்டினாள். "வந்தனீங்கள்தானே. ஒரு கிழமையும் விடேல்லை."

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் என்னை இப்படி ஆட்டிவைத்தாளே என்று. பிறகு, போன கிழமை அவள் என்ன உடுத்திருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் வரவில்லை. அதற்கு முந்திய கிழமை என்ன கதைத்தாள் என்று யோசித்தேன். அதுவும் வரவில்லை. எந்தக் கிழமை கிண்ணத்துக்குள் என்ன இருந்தது என்று மட்டும் வரிசையாகச் சொல்ல முடிந்தது. வெட்கமாக இருந்தது. சுளையை வாங்கி வாயில் போட்டேன்.

சம்பந்தி அம்மா தேத்தண்ணியோடு வந்தார். மேசையில் இரண்டு கிண்ணத்தைக் கண்டார். "ஐயோ, இன்னொண்டும் கொண்டு வந்தனீங்களே? உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார். அரியதரங்களை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, போலியைக் குசினிக்குக் கொண்டுபோனார். இப்போது வெங்காயம் அதில்தான் கிடக்கிறது.

நல்ல கிண்ணம் அங்கேயே இருக்கிறது. நான் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் போகிறேன், சட்டி இல்லாமலும் போகிறேன். இனி மகளைப் பார்க்கத்தான் போகிறேன் என்று எழுத ஆசைதான். ஆனால் கதவு திறந்தவுடன் கண் தன்பாட்டில் மேசைக்கு ஓடிவிடும். பல் ஏதும் உடைந்ததா, உள்ளே ஈரம் கிடக்கிறதா என்று பார்க்கும். அவள் அதைக் கவனிப்பாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு நேர் எதிரே இருந்து கதைக்கத் தொடங்குவாள்.