தட்டுச் சத்தத்துக்கு விழித்த குழந்தை

“தட்டைத் தட்டுனா திடுக்குன்னு முழிக்குது. இதுக்குப் போயி மிஷின் வேணுமாக்கும்? படிச்சவுக சொல்லிட்டீக, கேட்டுக்கிறோம்” என்றார் அக்காவின் மாமியார்.

கேலிதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். காதுக்கென்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதை அவர் இன்னும் நம்பவில்லை. அக்காவின் ஐந்து மாதப் பெண்குழந்தையை, காரைக்குடியில் நான் பயிற்சி பெறும் காது மருத்துவமனைக்கு வரச்சொன்னது பெருமைக்காகத்தான். குறை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. காதும் தானாகச் சத்தம் எழுப்பும் என்று காட்ட ஆசை.

உட்காதின் நத்தைச் சுருளுக்குள் மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பாலூட்டிகளில், வெளிவரிசையில் இருப்பவை உள்ளே வரும் ஒலியின் தாளத்துக்கே நீண்டு சுருங்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, சின்ன அதிர்வைப் பெரிதாக்கிவிடும். அந்த உந்தலில் கொஞ்சம் ஒலி வெளியே கசியும். காதில் செருகும் மைக் அதைப் பிடிக்கும். என் காதிலிருந்து அது திரையில் எழுந்த அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

குழந்தை பால் குடித்துத் தூங்கியது. வலது காதில் செருகினேன். திரையில் ஒன்றும் எழவில்லை. சரியாகச் செருகவில்லை என்று மாற்றிப் பார்த்தேன். இடது காதிலும் இல்லை. மருத்துவர் வந்து பார்த்தார். அழுக்கு இல்லை, செவிப்பறைக்குப் பின்னால் நீரும் இல்லை. அவரே மறுபடி செய்தார். அப்போதும் இல்லை.

“தட்டுச் சத்தத்துக்கு முழிக்கிறாளேடி?” என்றாள் அக்கா.

“அது பெருஞ்சத்தம்க்கா. அதைப் பெருசாக்க வேண்டியதே இல்ல. நீ மெதுவாப் பேசுறதுதான் அவளுக்கு எட்டாது.”

பரீட்சையில் இதையே எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். தொட்டிலருகே அக்கா இத்தனை நாள் கொஞ்சியது எதுவுமே அவளுக்குக் கேட்கவில்லையோ என்பது, அக்காவின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டில் மாமியார், “மிஷின் பழுதாயிருக்கும். பேச்சு வர்ற வயசு வரட்டும், பாப்போம்” என்றார்.

“கேட்டாத்தானே அத்தை பேச்சு வரும்? அதுவரைக்கும் காத்திருந்தா தாமதமாயிரும்” என்றேன்.

எவ்வளவு மெல்லிய ஒலி மூளைவரை போகிறது என்று தூக்கத்தில் அளக்கும் பரிசோதனை மதுரையில் உண்டு. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே அதற்கு நாள் வாங்கியிருந்தேன். இப்போது மதுரை பஸ் திருப்பத்தூரைத் தாண்டிவிட்டது. அங்கே போய்த்தான் பிள்ளை தூங்க வேண்டும் என்பதால், அக்கா அவள் உள்ளங்காலைச் சுரண்டிக்கொண்டே வருகிறாள்.