நேராகக் கட்டிய கேபிள்

செந்தில்வேல் வயரிங் செய்த வீடுகளில் சிவப்பு வயர் சிவப்போடும் கருப்பு கருப்போடும்தான் சேரும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனாலும் அவர் வேலையில் குறை சொல்ல மேலகரத்தில் ஆள் கிடையாது. அதைவிட அவருக்குப் பெரிய பெருமை, தங்கை நிவேதா கம்ப்யூட்டர் படித்தது.

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் அரிசி ஆலையில் லாரி எடைமேடை பழையது. எடை காட்டும் பெட்டியின் பின்னால், எண்ணை வெளியே அனுப்ப ஒன்பது ஊசி சீரியல் போர்ட் ஒன்றுதான் உண்டு. எடை தானாகக் கம்ப்யூட்டரில் ஏறாவிட்டால் பெட்டியைக் கழித்துவிடுவதாக அண்ணாச்சி சொன்னார். "என் தங்கச்சி புரோகிராம் எழுதித் தருவா" என்று செந்தில்வேல் முந்திக்கொண்டார். நிவேதா தனியாக எடுத்த முதல் வேலை அது.

பெட்டியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேபிள் மட்டும் செந்தில்வேல் பொறுப்பு.

"அண்ணே, ரெண்டாவது ஊசியும் மூணாவதும் குறுக்க மாத்திக் கட்டணும். கட்டிட்டியா?"

"எனக்கே வயர் கட்டச் சொல்லித் தாரியாட்டி?"

அவள் கீபோர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாளாகத் திரையில் ஒரு எண்கூட வரவில்லை. நிவேதா புரோகிராமைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினாள். மூன்றாம் நாள் சாரலில் லாரிகள் வரிசையாக நின்றன.

"என்னலே செந்திலு, உன் தங்கச்சி புரோகிராம் குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிட்டா?" என்றார் அண்ணாச்சி. மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். செந்தில்வேலும் கூடச் சேர்ந்து சிரித்தார். "சின்னப் புள்ளதான அண்ணாச்சி, இன்னும் பழகணும்."

நிவேதா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி, போர்ட்டின் இரண்டாம், மூன்றாம் ஊசிகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, தன் பெயரைத் தட்டினாள். போன எழுத்துகள் அப்படியே திரும்பித் திரைக்கு வந்தன. புரோகிராமில் தப்பில்லை. கேபிளின் மூடியைக் கழற்றி அண்ணன் முன் வைத்தாள்.

இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. நிறத்துக்கு நிறம், ஒரே நீளம், ஒவ்வொரு பற்றவைப்புக்கும் உறை. பெட்டி பேசும் கம்பி, கம்ப்யூட்டர் பேசும் கம்பியிலேயே போய் முட்டிக்கொண்டு நின்றது. கேட்கும் பக்கத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

செந்தில்வேல் இரண்டையும் மூன்றையும் குறுக்கே மாற்றிப் பற்றவைத்தார். மாட்டியதும் திரையில் மேடை லாரியின் எடை, 14,260 கிலோ, வந்து நின்றது.

"எதுலம்மா தப்பு?" என்றார் அண்ணாச்சி.

"சின்னதுதான் அண்ணாச்சி. சரி பண்ணியாச்சு" என்றாள் நிவேதா.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சற்றுமுன் தான் சிரித்த சிரிப்பு செந்தில்வேலின் காதைவிட்டுப் போகவில்லை.

"தப்பு கேபிள்ல அண்ணாச்சி. நான் கட்டுனது. மொத நாளே கேட்டா. நான்தான் அவ மேல எரிஞ்சு விழுந்தேன்."

"அப்போ குளிக்கப் போனது நீதானாலே?"

மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நிவேதாவும் சிரிக்கவில்லை, மூடிக்கான திருகாணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.