மிஞ்சியிருந்த தமிழ்

தொண்ணூறுகளில் ஒரு லீவுக்கு, அமெரிக்காவில் நாங்கள் இருந்த பிஸ்கட்டவேயிலிருந்து பக்கத்து வீட்டு அங்கிள் குடும்பத்தோடு கரீபியன் தீவு ஒன்றுக்குப் போனோம். துறைமுகத் தெருவில் மசாலாக் கடைகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. ஒரு கடைக்கார அம்மா, தன் கொள்ளுத்தாத்தா மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் என்று இங்கிலீஷில் சொன்னார். தமிழில் அவருக்கு மிஞ்சியிருந்தது சாமான் பெயர்கள் மட்டும்தானாம்.

அங்கிள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஜாதின்னு கேளு" என்று என்னிடம் தமிழில் சொன்னார். க்ரீன் கார்டு வாங்கியும் இந்தப் புத்தி போகவில்லை.

அந்த அம்மா காதில் 'ஜாதி' மட்டும் விழுந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பாக, பெரிய ஜாதிக்காய் ஒன்றைப் பொறுக்கி அவர் கையில் வைத்தார்.

அங்கிள் மோந்து பார்த்துவிட்டு, "ஒசத்திதான்" என்றார்.