இளவரசி ஏன் கையுறையைக் கழற்றவில்லை

யாராவது ஒரு தப்பைச் செய்தால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். சத்யப்ரியாவுக்கு முதலில் சந்தேகம் வரும். இவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டால் கோபப்பட மறந்துபோவாள். செவிலிமேட்டில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு ஒரே ஒரு விஷயத்தில்தான் இந்தக் குணம் அவளுக்கு உதவவில்லை. கணவன் ஆனந்தராஜ் குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலின் மேலேயே போட்டுவிட்டுப் போவான். அதற்கு மட்டும் வருடக்கணக்காகத் திட்டினாள்.

நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்ஸ். வார்டு வேலை கிடையாது. ஒரு நோயாளியின் கிருமி இன்னொருவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதாவது டாக்டரும் நர்ஸும் ஆயம்மாவும் கையைச் சுத்தம் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதற்காகச் சென்னையில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே பாடம் எடுத்த அம்மாள், ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றால் திட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள் என்றார். அவருக்குச் செய்யத் தெரியுமா? செய்வதற்கு வசதி இருக்கிறதா? செய்ய மனசு இருக்கிறதா?

சத்யப்ரியா அதை முதலில் வீட்டில்தான் சோதித்துப் பார்த்தாள். துண்டைக் காயப்போட ஆனந்தராஜுக்குத் தெரியும். மனசும் கெட்ட மனசில்லை. ஆனால் கொடி மாடியில் இருந்தது. மாடிக்குப் போய் இறங்கினால் கம்பெனி பஸ் போய்விடும். அவள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்தாள். மறுநாள் துண்டு ஆணியில் தொங்கியது.

“என்ன வச்சி பரீட்சை பண்ணிக்கினு இருக்கியா?” என்றான் ஆனந்தராஜ்.

“ஆமா. பாஸாயிட்ட.”

ஆஸ்பத்திரியில் எல்லாம் ஆணியோடு முடியவில்லை. அங்கே அவளுக்கு சி.பி.ஐ. என்று பட்டப்பெயர். “சி.பி.ஐ. வருதுபா” என்று யாராவது முனகினால் போதும், வார்டு முழுக்க சானிடைசர் பாட்டிலை அமுக்குகிற சத்தம் கேட்கும். தான் நிற்கும்போது நடப்பது வேறு, நிற்காதபோது நடப்பது வேறு என்பது அவளுக்குத் தெரியும். அதனால் பஞ்சு மடிக்கிற வேலையை எடுத்துக்கொண்டு வார்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் அவளை மறந்துவிடுவார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பிரசவ வார்டில் அதைப் பார்த்தாள். அந்தச் சமயம் ஆபரேஷன் செய்த தாய்மார்களில் இரண்டு பேருக்குத் தையல் சீழ் பிடித்திருந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. இளவரசி என்கிற நர்ஸ் ஒரு தாயின் தையல் கட்டைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையைச் சரிசெய்தாள், அதே கையுறையோடு அடுத்த தொட்டிலுக்குப் போய் வேறொருத்தியின் குழந்தையைத் தூக்கினாள்.

சத்யப்ரியாவின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. இதை வேறு யார் செய்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். இளவரசி அந்த வார்டின் தூண். பால் குடிக்க மாட்டேன் என்று அலறுகிற குழந்தையை ஒரு கையால் வளைத்துத் தாயின் மார்பில் பொருத்தினால் அடுத்த நிமிடம் சத்தம் அடங்கும். அவளுக்கு டியூட்டி இல்லாத நாளில் தாய்மார்கள் “அந்த சிஸ்டர் எப்போ வருவாங்க?” என்று கேட்பார்கள்.

பார்த்ததைச் சொல்வது வேலை. சொன்னாள். தலைமை டாக்டர் ராஜவேலு உடனே முடிவெடுத்துவிட்டார். திங்கட்கிழமை முதல் இளவரசி வார்டில் வேண்டாம், வெளிநோயாளிகள் பிரிவில் டோக்கன் கொடுக்கட்டும்.

“சார், அவங்களுக்குத் தெரியாதது இல்ல. க்ளாஸ்ல கேட்ட எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னாங்க.”

“தெரிஞ்சும் செய்யலன்னா அது திமிர்மா.”

“திமிரா இருந்தா தெனமும் இருக்கணுமே சார். வார்டுல விசாரிச்சேன். சில வாரம் கண்ணாடி மாதிரி வேலை செய்றாங்க. சில வாரம் கிளவுஸைக் கழட்டறதே இல்ல. அது ஏன்னு புரியல. அவங்கள மாத்திட்டு வேற ஒருத்தரப் போட்டா, அவங்களும் அதையே செஞ்சா?”

“அப்போ புரிஞ்சிக்கிட்டு வாங்க. திங்கக்கிழமை காலை வரைக்கும்தான்.”

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பாட்டு அறையில் இளவரசியின் எதிரில் போய் உட்கார்ந்தாள். இளவரசி புளிசாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சேதி அவளுக்கு எட்டியிருந்தது.

“நீங்கதான் சொன்னீங்க. இப்ப நீங்களே வந்து குந்திக்கினு என்னா கேக்கப் போறீங்கக்கா?”

“பாட்டில் எட்டலையா?”

“கட்டிலுக்குக் கட்டில் தொங்குது.”

“வேலை ஜாஸ்தியா? நேரம் இல்லையா?”

“என்னிக்குதான் கம்மி?”

“அப்போ மனசு இல்லையா?”

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி பயிற்சி வகுப்பில் கேட்டதுபோல இல்லை என்று புரிந்தது. இளவரசி டப்பாவை மூடினாள். “எம் பசங்க ரெண்டு பேரும் அந்த வார்டுலதான் பொறந்தாங்க. என்னப் பாத்து மனசில்லையான்றீங்க.” எழுந்து போய்விட்டாள்.

புளிசாதத்துக்கு ஸ்பூன் எதற்கு என்று சத்யப்ரியா வீட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் யோசித்தாள். மாவட்டத்திலேயே புளிசாதத்தை ஸ்பூனால் சாப்பிட்ட ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தராஜ் அவளை பைக்கில் இளவரசியின் வீடு இருந்த பிள்ளையார்பாளையத்தில் இறக்கிவிட்டான். “லீவு நாள்லயாவது ஜனங்கள நிம்மதியா வுடேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். இளவரசி வீட்டில் மட்டும் சத்தமில்லை. கதவு திறந்துதான் இருந்தது. நெய்து முடித்த தறிக்கு அரக்கு நிறத்தில் புதுப் பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகள், வந்திருந்தது. பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை இழை இழையாகச் சேர்த்து முறுக்கினால்தான் அடுத்த சேலைகளை நெய்ய முடியும். இளவரசி தறிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல். விரல் சாம்பலைத் தொடும், இரண்டு இழையைப் பிடிக்கும், ஒரு முறுக்கு, முடிந்தது. பார்ப்பதற்குள் அடுத்த இழைக்குப் போய்விட்டது.

நிமிர்ந்து பார்த்தவள் முகம் மாறியது. “வாங்கக்கா” என்றாள். வீட்டுக்கு வந்தவரை வேறு என்ன சொல்வது.

அவள் கணவன் குமரகுருவுக்கு எதுவும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி மேடம் வீடு தேடி வந்ததில் அவனுக்குச் சந்தோஷம். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். “பாவு வந்தா ரெண்டு மூணு நாளு வீட்டம்மா டியூட்டி முடிஞ்சி வந்து இங்கதான் குந்துவாங்க. வெளியாளக் கூப்டா அவங்க வர்ற வரைக்கும் தறி சும்மா நிக்கும். இவங்க கைல சேத்த இழை அறுந்ததே இல்ல மேடம்.”

“இவ்ளோ மெல்லிசா இருக்குதே, எப்படித்தான் பிடிக்கிறாங்க!” சத்யப்ரியா ஆவலில் எட்டி, விரல் நுனியால் பாவைத் தடவினாள்.

“ஐயய்யோ! அப்படியே வைங்க! இழுக்காதீங்க!”

குமரகுரு போட்ட சத்தத்தில் அவள் உறைந்துபோனாள். விரல் நுனியில் பட்டு மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு இழை பிசிறி மேலே எழும்பியிருந்தது, பக்கத்து இழை அறுந்தே போயிருந்தது. அவன் குனிந்து, முள் எடுக்கிறவனைப்போல அவள் விரலிலிருந்து பட்டைப் பிரித்தான். பிரித்துவிட்டு அந்த விரலைத் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாக்கா இது, கையா, உப்புத்தாளா?”

சத்யப்ரியாவும் தன் கையைப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியிலேயே அதிகமாகச் சுத்தம் செய்யப்படுகிற கை அதுதான். விரல் நுனிகள் வெள்ளையாக வெடித்திருந்தன, கணுக்களில் தோல் உரிந்திருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் எரியும், புளி பட்டால் எரியும். அந்த எரிச்சல் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. புளிசாதத்துக்கு ஸ்பூன் எதற்கு என்று இப்போது தெரிந்தது.

“உன் கையக் காட்டு, இளவரசி.”

இளவரசி முதலில் மடியில் மறைத்துக்கொண்டாள். பிறகு நீட்டினாள். பழைய வெடிப்புகளின் தடம் இருந்தது. ஆனால் இந்த இரண்டு நாளில் ஆறி, மழமழவென்றிருந்தது.

“பாவு வர்ற வாரம்தான் கிளவுஸைக் கழட்டறதில்ல. அப்படித்தானே?”

குமரகுரு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபி வாங்கிவருகிறேன் என்று சொம்பை எடுத்துக்கொண்டு போனான்.

“சானிடைசர் போட்டா தோலு பிரிஞ்சிடுதுக்கா” என்றாள் இளவரசி. “பிரிஞ்ச கையால பாவத் தொட முடியாது. தேங்கா எண்ணெ தடவலாம்னா பட்டுல கறை. பாவு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாலேர்ந்தே கிளவுஸ்லயே இருந்துட்டா கை ஆறிடும். கிருமியும் நம்ம கையில ஒட்டாதுன்னு நெனச்சிக்கினேன்.”

“நம்ம கையில ஒட்டாது. அந்தக் கொழந்த மேல?”

இளவரசி அறுந்த இழையைத் தேடி எடுத்து, சாம்பலைத் தொட்டு முறுக்கினாள்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“இன்னான்னு சொல்றது? கொழந்தைய வுடப் பொடவ பெருசான்னு கேப்பீங்க. நானே என்னக் கேட்டுக்கினுதான் இருக்கேன்.”

சத்யப்ரியாவுக்கு அப்போதும் ஒரு இடம் இடித்தது. சானிடைசர் கைகளை இந்த அளவுக்குக் கெடுக்கக் கூடாது. “நீ எப்படிப் பண்ணுவ? செஞ்சி காட்டு” என்று எழுந்தாள்.

பின்கட்டுக் குழாயடியில் இளவரசி செய்து காட்டினாள். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். “வார்டுல சுடுதண்ணி வரும், அதுல கழுவுவேன். அப்புறம் இந்த ஈரக் கையிலயே சானிடைசர்.”

“ஒவ்வொரு தடவையும் ரெண்டுமா? கையில அழுக்கு, ரத்தம் எதுவும் தெரியலன்னா சானிடைசர் மட்டும் போதும்னு க்ளாஸ்ல சொன்னேனே!”

“சொன்னீங்க. நானும் பதில்ல அதத்தான் எழுதினேன். ஆனா தண்ணி படாம எப்படிக்கா சுத்தமாவும்? சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா சென்ட் அடிச்சிக்கினு உள்ள வருவமா?”

சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இளவரசியும் சிரித்தாள், மனசில்லாமல்.

சிரிப்பு அடங்கியதும் சத்யப்ரியா தன் உப்புத்தாள் விரல்களை இன்னொரு முறை பார்த்தாள். சோப்புப் போட்ட ஈரக் கையில் உடனே சானிடைசர் ஊற்றினால்தான் தோல் இப்படிப் போகும் என்பது பாடத்தில் உண்டு. அவளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சொல்லிக்கொடுத்துவிட்டு, தானும் ஒவ்வொரு முறையும் குழாயைத் திறந்திருக்கிறாள். தண்ணீர் படாத கையை அவளாலும் நம்ப முடியவில்லை.

திங்கட்கிழமை காலை வார்டில் நர்ஸ்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “யார் வீட்ல இப்போ பாவு வந்திருக்குது?” சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தி மெதுவாகக் கையைத் தூக்கினாள். அந்தக் கையில் கையுறை இருந்தது.

டாக்டர் ராஜவேலு முழுவதையும் கேட்டார். “அதாவது, பட்டுச் சேலைக்காக நாம வளைஞ்சு குடுக்கணும்.”

“சேலைக்காக இல்ல சார், தோலுக்காக. வெடிச்ச கையை யாருமே சுத்தம் பண்ண மாட்டாங்க. எரியும். வெடிப்புல கிருமியும் தங்கும். இளவரசிய டோக்கனுக்கு அனுப்பிட்டா, இந்தக் காரணம் மத்தவங்க கிளவுஸுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கும்.”

“சரி, என்ன வேணும்?”

“கிளிசரின் கலந்த சானிடைசர். டியூட்டி முடிஞ்சதும் தடவிக்க ஒரு க்ரீம். அப்புறம், இளவரசி அதே வார்டுல இருக்கணும். ஒரு மாசம் நான் பக்கத்துலயே இருக்கேன்.”

அவர் பேனாவை மூடினார். “அதுக்குள்ள யாராவது கிளவுஸோட கட்டிலுக்குக் கட்டில் போனா, டோக்கன் குடுக்க ரெண்டு பேரையும் அனுப்பிடுவேன்.”

சானிடைசர் சுலபமாகக் கிடைத்தது. க்ரீம்தான் கஷ்டம். பட்டில் கறை படாத க்ரீம் எது என்று எந்த மருந்துக் கடையிலும் எழுதிவைத்திருக்கவில்லை. குமரகுருதான் சோதித்தான். கழிவுப் பட்டில் ஒவ்வொன்றாகத் தடவி வெயிலில் போட்டான். முதலாவது நெய் சிந்தியதுபோல வட்டம் கட்டியது. அடுத்தது வாசனையாக இருந்தது, ஆனால் இழை வழுக்கியது. கடைசியில் ஒன்று கைக்குள் போய் மறைந்தது, பட்டில் தடமே இல்லை. அந்தப் பட்டுத் துணுக்கை ஒரு கவரில் போட்டு இளவரசியிடம் கொடுத்தனுப்பினான். “உப்புத்தாள் அக்காவுக்கும் ஒரு ட்யூப் வாங்கிக்கச் சொல்லு” என்றும் சொல்லியனுப்பினான்.

இளவரசிக்கு சத்யப்ரியா மேல் இருந்த வருத்தம் அத்தனை சீக்கிரம் போகவில்லை. முதல் வாரம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அடுத்த பாவு வந்த மறுநாள் தானாகவே வந்து, “நேத்து வந்துட்டுதுக்கா, சொல்லிட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று சத்யப்ரியா மூலையில் பஞ்சோடு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இளவரசி ஒரு தாயின் கட்டைப் பார்த்தாள். கையுறையை உரித்து எறிந்தாள். குழாய்ப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள், நின்றாள், திரும்பி சானிடைசரை அமுக்கினாள். காயும்வரை கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் தொட்டிலுக்குப் போனாள்.

மாதம் முடிந்தது. எந்தத் தையலும் சீழ் பிடிக்கவில்லை. முன்பு பிடித்தது இளவரசியின் கையுறையாலா, வேறு எதனாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு மாதம் சுத்தமாகப் போனதை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. டாக்டர் ராஜவேலு டோக்கன் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. இளவரசி வார்டிலேயே இருந்தாள்.

ஒரு நாள் காலை அவர் ரவுண்ட்ஸுக்கு வந்தார். ஒரு தாயின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டே பக்கத்துத் தொட்டில் குழந்தையின் கன்னத்தைத் தொடக் குனிந்தார். தொட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் இளவரசி பாட்டிலை நீட்டினாள்.

டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார்.

மூலையில் சத்யப்ரியா பஞ்சு மடிப்பதை நிறுத்தினாள். டாக்டருக்குத் தெரியும். பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மனசும் இருக்கிறது. வீட்டில் பாவும் வருவதில்லை. பின்னே ஏன்?

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் வசதியாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.